மாட்டு வருஷம் முடிவதற்குள்

தைபே
அக்டோபர் 18, 1985

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை லியன் எழுதுகிறேன். உனக்கும் அத்தானுக்கும் உடம்பு சுகம்தானே? போன மாதப் புயலில் உன் கடைக் கூரைத் தகரம் பறந்துவிட்டதாக ஹுவாலியனிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். புதுத் தகரம் போட்டாயிற்றா? அத்தானை ஏணியில் ஏறவிடாதே. எனக்கு முட்டிவலி தவிர வேறு குறை இல்லை.

ஒரு நல்ல செய்தி. என் மருமகள் யாஹுய் உண்டாகியிருக்கிறாள். ஐந்தாம் மாதம் நடக்கிறது. மூன்று மாதம் ஆகும்வரை வெளியே சொல்லக்கூடாது என்று வாயைக் கட்டி வைத்திருந்தேன். அதன்பிறகு எழுத நேரம் கிடைக்கவில்லை. சிங்ஹோங் வழக்கம்போல ஒன்றும் பேசுவதில்லை, ஆனால் வேலைவிட்டு வரும்போது தினமும் பெண்டாட்டிக்குக் கொய்யாப்பழம் வாங்கி வருகிறான். அவன் அப்பா இருந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார்.

பிரசவம் மார்ச் முதல் வாரம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மார்ச் என்றால் நம் புதுவருஷம் பிறந்து ஒரு மாதம் ஆகிவிடும். பார்க்கலாம். எல்லோருக்கும் சந்தோஷம்தான்.

குளிர் வரப்போகிறது, கழுத்தை மூடிக்கொண்டு கடையில் நில்.

உன் லியன்


ஹுவாலியன்
அக்டோபர் 27, 1985

என் தங்கச்சி லியனுக்கு,

கிம்யே அக்கா எழுதுவது. நானும் நன்றாக இருக்கிறேன், தகரமும் நன்றாக இருக்கிறது. ஏணியில் ஏறியது உன் அத்தான் இல்லை, நான்தான். அவர் கீழே நின்றுகொண்டு "பாத்து, பாத்து" என்று கத்தியதில் அவருக்குத்தான் தொண்டை கட்டிவிட்டது.

யாஹுய் செய்தி படித்துவிட்டு அன்று காலை வந்தவர்களுக்கெல்லாம் சோயாப்பாலில் கூடக் கொஞ்சம் சர்க்கரை போட்டேன். சந்தோஷத்துக்குப் பின்னால் எதற்கு ஒரு 'தான்'? நீ சுற்றிச் சுற்றி வந்து எழுதாமல் விட்ட சொல்லை நான் எழுதிவிடுகிறேன். புலி. இந்த மாட்டு வருஷம் போய் பிப்ரவரியில் வருவது புலி வருஷம். உன் பேரப்பிள்ளை என்னைப்போலப் புலி. எழுதிவிட்டேன், ஒன்றும் இடிந்து விழவில்லை.

நீ பாம்பு வருஷத்துக்காரி. உள்ளே சுருண்டு படுத்துக்கொண்டு யோசிப்பது உன் குணம் என்பார்கள். பாம்புக்கும் புலிக்கும் ஆகாது என்று நம் இருவருக்கும் சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் ஒரே போர்வைக்குள்தான் தூங்கினோம். போர்வையை இழுத்துக்கொள்வது நீதான். புலிப்பெண் புருஷனைத் தின்றுவிடுவாள் என்று நாலு வீட்டில் என்னை வேண்டாம் என்றார்கள். கடைசியில் வந்த உன் அத்தான் முயல் வருஷம். இருபத்தாறு வருஷமாகிறது, இந்த முயலை நான் இன்னும் தின்று முடித்தபாடில்லை. அதுதான் கடையில் விற்காமல் மிஞ்சிய, எண்ணெயில் பொரித்த மாவுக்குச்சிகளையெல்லாம் தின்று தொப்பை போட்டிருக்கிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லாததற்கும் புலிமேல்தான் பழி. அதை விடு.

குழந்தைக்குப் புலிமுகத் தொப்பி ஒன்று தைக்கிறேன். காதுக்கு மஞ்சள் பட்டு, நெற்றிக்குக் கறுப்பு நூல். எந்த வருஷத்துப் பிள்ளையானாலும் தலைக்குப் புலிதானே காவல்? தலையில் புலியை வைப்பார்கள், தொட்டில் பக்கத்தில் புலியை விடமாட்டார்கள். நல்ல ஜனங்கள் நாம்.

யாஹுயை நன்றாகத் தூங்கச் சொல். முட்டிக்கு இஞ்சி ஒத்தடம் கொடு.

அக்கா


தைபே
டிசம்பர் 21, 1985

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நீயும் அத்தானும் சுகமாக இருக்கவேண்டும் என்று கோயிலில் ஊதுபத்தி வைக்கும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். இங்கே ஓயாத மழை, துணி காய்வதில்லை.

தொப்பி வந்தது. உன் தையலை யாரும் குறை சொல்ல முடியாது. கண்ணுக்கு வைத்த பொத்தான் நிஜமாகவே பார்க்கிறது. பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

யாஹுய்க்கு வயிறு பெரிதாக இருக்கிறது. மார்ச்வரை காத்திருக்க முடியாமல் போகலாம் என்று டாக்டர் சொல்கிறார். இந்தக் காலத்தில் ஆபரேஷன் செய்து எடுப்பது பல் பிடுங்குவது மாதிரி ஆகிவிட்டது. எங்கள் தெருவிலேயே இந்த வருஷம் நாலு பேர் நல்ல நேரம் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். ஜோசியர் வூவிடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்தேன், சும்மாதான்.

நீ எதையாவது நினைத்துக்கொள்ளாதே.

லியன்


ஹுவாலியன்
ஜனவரி 4, 1986

லியனுக்கு,

இரண்டு பேரும் சுகம். உன் அத்தானுக்குச் சளி, அவ்வளவுதான்.

நான் ஒன்றும் நினைக்கவில்லை, ஒன்று கேட்கிறேன். கல்யாணத்தன்று பார்த்தேனே, யாஹுயின் மணிக்கட்டு சாப்பிடும் குச்சி மாதிரி இருந்தது. அவளுக்கா ஏழாம் மாதத்தில் வயிறு பெரிதாகிவிட்டது? எந்த டாக்டர் சொன்னார்? எப்போது காத்திருக்க முடியாதாம், புதுவருஷத்துக்கு முன்னாலா, பின்னாலா?

கல்யாணம் என்றதும் நினைவு வருகிறது. மணப்பெண் அறைக்குள் புலி வருஷத்துக்காரர்கள் வரவேண்டாம் என்று உங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வாசலிலேயே சொன்னார். அவர் சொல்வதற்கு முன்பே நான் சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டேன். நீ என்னைத் தேடி வந்து, "அக்கா, உனக்குக் கஷ்டமா இல்லியே?" என்று கேட்டாய். "வாத்துச் சூப்பு இங்கதான்டி சூடா கெடைக்குது" என்றேன். சூப்பு நன்றாகத்தான் இருந்தது.

இப்போது அதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. குழந்தையைச் சாவகாசமாக வரவிடு, லியன். வேறொன்றும் கேட்கவில்லை.

அக்கா


தைபே
பிப்ரவரி 2, 1986

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஜனவரி 30 காலை ஒன்பது மணிக்கு மேல், பாம்பு வேளையில், பெண் குழந்தை. மாட்டு வருஷம். தாயும் சேயும் நலம். எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மூச்சு வாங்கக் கொஞ்சம் சிரமப்படுகிறாள் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள்.

நீ புறப்பட்டு வந்துவிடாதே. புதுவருஷக் கூட்டம், ரயிலில் நிற்கக்கூட இடம் இருக்காது.

லியன்


ஹுவாலியன்
பிப்ரவரி 5, 1986

லியனுக்கு,

கடிதம் கிடைத்தது. ரயிலில் கூட்டம் என்று எனக்கும் தெரியும். வரவில்லை.

யாஹுய்க்கு நல்லெண்ணெய் இரண்டு புட்டியும் முற்றின இஞ்சியும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கோழியை அதில் வதக்கி அரிசி மது ஊற்றிக் கொடு, பால் ஊறும். பிள்ளை பக்கத்தில் இல்லாவிட்டாலும் பாலைக் கறந்து ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்பச் சொல்.

குழந்தைக்கு என்ன பெயர்?

அக்கா


தைபே
பிப்ரவரி 22, 1986

மதிப்புக்குரிய பெரியம்மாவுக்கு,

யாஹுய் வணங்கி எழுதுகிறேன். உங்களுக்கும் பெரியப்பாவுக்கும் புதுவருஷம் நல்லதாக இருக்கட்டும். நீங்கள் அனுப்பிய நல்லெண்ணெயில்தான் தினமும் கோழி வேகிறது. பேறுகால மாதம் முடியாமல் எழுதக்கூடாது, கண் கெட்டுவிடும் என்கிறார்கள். அத்தை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும் நேரத்தில் எழுதுகிறேன்.

குழந்தைக்கு நிங் என்று பெயர் வைத்திருக்கிறோம். நீங்கள் பெயர் கேட்டு எழுதியதற்கு அத்தை பதில் போடவில்லை என்று தெரியும், கடிதம் அவர் தலையணைக்கடியில் இருக்கிறது. நிங்குக்கு நடுவில் நுரையீரலில் சளி கட்டி மோசமாகிவிட்டது. புதுவருஷத்துக்கு முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் மீன் அப்படியே இருந்தது, யாரும் குச்சியை எடுக்கவில்லை. இப்போது பரவாயில்லை. சளி கரைகிறது.

பெரியம்மா, டாக்டர் அவசரப்படுத்தவில்லை. நீங்கள் ஊகித்திருப்பீர்கள். டிசம்பரில் ஜோசியர் வூ வீட்டுக்கு அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் விரலை மடக்கி எண்ணிவிட்டு, "முயல் வருஷத்து அம்மா, பாம்பு வருஷத்துப் பாட்டி, நடுவுல ஒரு புலி, அதுவும் பொண்ணாப் பொறந்துட்டா? வேணாம்மா. மாடுன்னா உங்க வீட்டுக்கே அமைஞ்ச மாதிரி. பொறுமை, உழைப்பு, சொன்ன பேச்சு கேக்கும்" என்றார். கடைசி நல்ல நாள் ஜனவரி 30 என்றார். முதலில் பார்த்த டாக்டர் முடியாது என்றுவிட்டார். அத்தை வேறொரு சின்ன கிளினிக்கைத் தேடிப் பிடித்தார்கள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டேன், "நீங்க என்ன சொல்றீங்க?" என்று. இவர் மாட்டு வருஷம்தானே. சுவரைப் பார்த்துக்கொண்டு, "அம்மாவுக்குத் தெரியாததா" என்றார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணாப் பொறந்து புலியா இருந்தா எவ்ளோ அவமானம்னு நான் கூடவே இருந்து பாத்தவடி" என்றார்கள். பெரியம்மா, உங்களை நினைத்துத்தான் அதைச் சொன்னார்கள். அப்போது அது பாசம் மாதிரி இருந்தது. நான் தலையாட்டிவிட்டேன். அத்தைமேல் மட்டும் பழி போட எனக்கு உரிமை இல்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று அந்த மூக்குக் குழாயைப் பார்க்கும்போது என் கழுத்தை நானே நெரித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நேற்று அலமாரியில் குளிர்காலத் துணிக்கு அடியில் உங்கள் தொப்பியைப் பார்த்தேன். அப்படி ஒன்று வந்ததே எனக்குத் தெரியாது. அங்கேயே வைத்துவிட்டேன்.

யாஹுய்


தைபே
மார்ச் 9, 1986

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பைப்பற்றி முதலில் கேட்கவேண்டும். கேட்கக் கை வரவில்லை. நீ சுகமாக இரு.

நிங் முந்தாநாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். டாக்டர் முதலில் குறித்த அதே வாரம். தானாக வந்திருந்தாலும் இந்த வாரம்தான் வந்திருப்பாள். ஆஸ்பத்திரிப் படியில் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது அது தோன்றியது, இரண்டு படி இறங்கிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். சிங்ஹோங், "என்னம்மா?" என்றான். முட்டி என்றேன்.

டாக்டர் சொன்னதாக நான் எழுதியது பொய். யாஹுய் உனக்கு எழுதியதை அவளே என்னிடம் சொல்லிவிட்டாள். நல்ல வேளை, அவளுக்காவது வாய் இருக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. கண்ணாடி அறையில் ஒரு நர்ஸ் பெண். ஐந்து வாரமும் நிங்கைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். குழாய் மாற்றுவது, பால் சொட்டுச் சொட்டாக விடுவது, ஒருநாள் குழந்தை நீலமாகிப்போனபோது முதுகைத் தட்டித் தட்டித் திருப்பிக் கொண்டுவந்தது, எல்லாம் அவள். கிளம்பும் நாளில் அவளுக்கு ஒரு கம்பளிச் சட்டை எடுத்துக் கொடுத்தேன். சும்மா பேச்சுக்கு, "நீ எந்த வருஷம்மா?" என்று கேட்டேன். நாம் யாரைப் பார்த்தாலும் கேட்பதுதானே.

"புலிங்க. பயப்படாதீங்க, கடிக்க மாட்டேன்" என்று சிரித்தாள். எத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லிப் பழகின சிரிப்போ. பிரசவமான அக்கா வீட்டுக்கே அவளைப் போக விடுவதில்லையாம், அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நிங் ஏன் சீக்கிரம் பிறந்தாள் என்று அவள் ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை. தேதியைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிந்திருக்கும், அக்கா. தெரிந்துகொண்டேதான் தட்டியிருக்கிறாள்.

மாடு பொறுமை என்றாரே ஜோசியர், நிங்குக்குப் பால் அரை நிமிஷம் தாமதித்தால் மாடிவீட்டுக்காரர்கள் இறங்கி வந்துவிடுகிறார்கள். முகம் சிவந்து, இரண்டு கையையும் முஷ்டி மடக்கிக்கொண்டு ஒரு கத்தல். "இதுவா மாடு?" என்று யாஹுய் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.

ஏப்ரல் 6 ஞாயிறு, வீட்டுக்கு வந்த கணக்கில் ஒரு மாதம். சிவப்பு முட்டையும் எண்ணெய்ச் சோறும் செய்து ஆறு மேசை விருந்து வைக்கிறேன். நீ வரவேண்டும். சமையல்கட்டில் இல்லை, முன் மேசையில், என் பக்கத்தில். நிங்கை எல்லோர் முன்னாலும் உன் கையில் கொடுப்பேன். யார் என்ன சொன்னாலும் சரி.

லியன்


ஹுவாலியன்
மார்ச் 28, 1986

என் தங்கச்சி லியனுக்கு,

நிங் வீடு வந்த செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் அத்தான் மாவு கருகுகிறது என்று கத்துகிறார், நான் எழுந்திருக்கவில்லை. குழந்தை நன்றாக இருக்கட்டும். யாஹுயிடம் அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல். அந்த நர்ஸ் பெண் எங்கே இருந்தாலும் அவள் கை நன்றாக இருக்கட்டும். உன்மேல் கோபம் இருந்தது. நாலைந்து தடவை எழுதிக் கிழித்தேன், அதனால்தான் தாமதம். இப்போது இல்லை.

ஆனால் விருந்துக்கு நான் வரமாட்டேன்.

முன் மேசையில் உட்காரவைப்பாய், தெரியும். பிள்ளையையும் கையில் கொடுப்பாய். யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஆனால் ஐந்து வாரம் கண்ணாடிப் பெட்டியில் கிடந்த பிள்ளை அது. என் கையில் இருக்கும்போது தும்மும். குழந்தை என்றால் தும்மத்தானே செய்யும். அப்போது நீ என்னைப் பார்ப்பாய்.

சிங்ஹோங் பிறந்த பத்தாம் நாள், கோழியைக் காலைக் கட்டிக் கூடையில் போட்டுக்கொண்டு, அந்த மலைப்பாதையில் நாள் முழுக்கப் பஸ்ஸில் வந்தேன். உன் மாமியார் வெளியே போயிருந்தாள். நீயே, "சீக்கிரம் வந்து தூக்கிக்கக்கா" என்று என் கையில் கொடுத்தாய். அவன் ஒருதடவை தும்மினான். ஒரே ஒரு தடவை. நீ என்னைப் பார்த்தாய். பார்த்தாய், அவ்வளவுதான். நான் அவனைப் படுக்கையில் விட்டுவிட்டு, கடைக்கு நேரமாயிற்று என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டேன். அதற்குப் பிறகு உன் வீட்டுப் பிள்ளையென்று எதையும் நான் தூக்கவில்லை. நீ மறந்திருப்பாய்.

ஊரார் பார்வையெல்லாம் எனக்குத் தூசு. சமையல்கட்டில் உட்கார்ந்து சூப்புக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். உன் பார்வையை இன்னொரு தடவை தாங்க எனக்குத் தெம்பு இல்லை, லியன். நாற்பத்தேழு வயதாகிறது.

சிவப்பு முட்டை இரண்டு தபாலில் அனுப்பு. உடைந்தாலும் பரவாயில்லை. முட்டியைப் பார்த்துக்கொள்.

அக்கா


தைபே
ஏப்ரல் 1, 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகமாக இருக்கிறீர்களா? இதை இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

நான் மறக்கவில்லை. நீ கோழிக்கூடையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போனாய். அந்தக் கூடை எங்கள் வீட்டில் ரொம்ப நாள் கிடந்தது. மாமியார், "யாருது இது?" என்று கேட்டபோது தெரியாது என்று சொன்னேன். உன் கூடை என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை, அக்கா.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, இனிமேல் அப்படிப் பார்க்கமாட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. அந்த நர்ஸ் பெண் நிங்கைக் கடைசியாக ஒருதடவை தூக்கிக்கொள்கிறேன் என்று கேட்டபோது, அவள் புலி என்று அப்போதுதான் சொல்லியிருந்தாள், என் கை ஒரு நொடி கொடுக்காமல் நின்றது. ஐந்து வாரம் தூக்கின கைக்கு. அதை உனக்கு எழுதாமல் விட்டிருந்தேன். இப்போது எழுதிவிட்டேன். என்னை நம்பி வா என்று உன்னைக் கூப்பிட எனக்கு யோக்கியதை இல்லை.

அதனால் விருந்தை நிறுத்திவிட்டேன். ஆறு மேசைக்கு அழைத்திருந்தவர்களிடமெல்லாம் குழந்தை பெரியம்மா பாட்டியைப் பார்க்கப் போகிறாள் என்று சொல்லிவிட்டேன். "பெரியம்மா பாட்டி புலியில்ல?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். "ஆமா, புலிதான்" என்றேன். இவ்வளவு வருஷத்தில் அந்தச் சொல்லை உன்னோடு சேர்த்துச் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஞாயிறு காலை முதல் ரயிலில் நானும் யாஹுயும் நிங்கும் வருகிறோம். கல்லறை கும்பிடப் போகிறவர்கள் கூட்டம், நிற்கக்கூட இடம் இருக்காது. இருக்கட்டும். தொப்பியைப் போட்டுத்தான் தூக்கிக்கொண்டு வருவோம். கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. நீ நிறைமாதக் குழந்தைக்கு அளவெடுத்துத் தைத்திருக்கிறாய்.

உன் கடை வாசலில் நிங்கை உன் கையில் கொடுத்துவிட்டு நான் கடற்கரைப் பக்கம் போய்விடுவேன். யாஹுய் உன்னோடு இருப்பாள். ஆசை தீர வைத்துக்கொள். போதும் என்று தோன்றும்போது அத்தானை அனுப்பு, வருகிறேன்.

அவள் தும்மினால் மூக்கைத் துடைத்துவிடு, அக்கா. பார்க்க நான் அங்கே இருக்கமாட்டேன்.

லியன்